ரொட்டியை மறுத்தவள்

"கடந்த ரெண்டு வாரத்துல, எதுலயும் விருப்பமே இல்லாம இருந்துச்சாம்மா?" என்று நிஷாந்தி கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விடிந்ததும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடி, பகல் முழுக்க மலையில் கொழுந்து பறித்து, இருட்டும்போது அடுப்பு மூட்டுகிறவளிடம் விருப்பத்தைப் பற்றி யார் விசாரித்திருக்கிறார்கள்? ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில், தொட்டில்களை ஓரமாகத் தள்ளி மேசை போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி. தோட்டத்துப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், இரத்தத்தில் சீனி எவ்வளவு, மனசு எப்படி இருக்கிறது, இதெல்லாம் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கிறது என்று பார்க்கிறார்களாம். போன வருஷம் ஒருமுறை வந்தார்கள், இது இரண்டாவது முறை. நிஷாந்தி அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண். அதனால் அவளிடம் பொய் சொல்லித் தப்புவது கஷ்டம்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ்" என்றேன்.

"தூக்கம்?"

"வருது. போயிடுது."

"பூரணியம்மா, ஒங்க சீனி ரொம்ப நல்லா எறங்கியிருக்கு. இந்தத் தோட்டத்துலயே நீங்கதான் சொன்னத அப்படியே கேட்டு நடந்திருக்கீங்க. ஆனா போன வருஷம் நான் வந்தப்போ என்னைய கிண்டல் பண்ணி, என் ஒயரத்தப் பாத்து, செடிக்கு மட்டம் பாக்குற மட்டக்கம்புன்னு பேரு வச்சீங்க. இப்ப நிமிந்து கூட பாக்கல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் பதில்களைப் பதிகிற கருவியை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். மலையில யாரோட ஒக்காந்து சாப்பிடுறீங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாப்பாட்டுல என்ன இருக்குன்னு கேளுங்க, சொல்றேன். யாரோட சாப்பிட்டா ஒங்களுக்கென்ன?" என்று கத்தினேன். கத்திய வாயோடு அழவும் தொடங்கிவிட்டேன். வெட்கக்கேடு.

யாரோடு சாப்பிட்டேன் என்றால், ராசம்மாவோடு. அவளும் நானும் ஒரே வருஷத்தில் பேர் பதிந்து, பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கத் தொடங்கியவர்கள். பத்து மணித் தேத்தண்ணிக்குக் கங்காணி குரல் கொடுத்ததும் எல்லோரும் மலையோரத்துச் சவுக்கு மரத்தடியில் கூடையை இறக்கிவிட்டு வட்டமாக உட்காருவோம். போத்தல் தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் துண்டு தன் வாய்க்குப் போகாது. பிய்த்துப் பக்கத்தில் இருக்கிறவள் கையில் வைக்க வேண்டும், அவள் தன்னுடையதில் பிய்த்து நம் கையில் வைப்பாள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

அந்த வட்டத்தை நினைத்தால் இப்போதும் வாயூறுகிறது. ராசம்மாவின் ரொட்டி தடியாக இருக்கும், ஓரம் கருகியிருக்கும், அவள் சம்பலில் கொச்சிக்காய் கண்ணைப் பிடுங்கும். "மாமியாள கொல்லச் செஞ்சத எங்களுக்குத் தாறியாடி" என்று கேட்பேன். "ஒனக்குன்னுதான்டி அரைச்சேன்" என்பாள். யார் வீட்டில் என்ன நடந்தது, எந்த மாப்பிள்ளை கொழும்பிலிருந்து பணம் அனுப்பவில்லை, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எல்லாம் அங்கே ரொட்டியோடு ரொட்டியாக மென்று முடிந்துவிடும். திம்புள்ளப் பக்கமிருந்து பனி ஏறிவரும்போது ஒருத்தியோடொருத்தி நெருங்கி உட்காருவோம். எத்தனை சிரிப்பு. சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி மூக்கில் ஏறிய நாட்கள் உண்டு. அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த நாட்கள். அப்போது அது தெரியவில்லை.

நீட்டிய ரொட்டியை வாங்காமல் இருப்பதற்கு எங்களிடம் ஒரே ஓர் அர்த்தம்தான். சண்டை. வேணாம் என்று சொன்னால் இனி உன்னோடு பேச்சில்லை என்று பொருள். வாயால் திட்டத் தேவையில்லை. மறுபடி சேர வேண்டுமென்றாலும் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை, ஒருநாள் பேசாமல் ஒரு துண்டைக் கையில் வைப்பார்கள், அவ்வளவுதான்.

போன வருஷம் இரத்தம் எடுத்தவர்கள், முடிவை ஒவ்வொருத்தரிடமும் தனியாகச் சொன்னார்கள். எனக்குச் சீனி. கிளினிக்கில் கோதுமை மா ரொட்டியைத் தொடவே கூடாது என்றார்கள். நான் பிடித்தால் உடும்புப்பிடி. தலவாக்கலையில் இக்ராம் நானா கடைக்குப் போய்க் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் பயறும் வாங்கினேன். "என்ன பூரணி, வீட்ல குருவி வளக்குறீங்களா?" என்று அவர் கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் செல்லசாமியிடம் மட்டும் சொல்லி, வாயைத் திறக்கக் கூடாதென்று சாமி மேல் சத்தியம் வாங்கினேன்.

ராசம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வது? அவளுடைய நாகலெட்சுமி அக்காவுக்கும் சீனிதான். கால்விரலில் ஒரு சின்னக் காயம். அட்டை கடித்ததென்று அக்கா சொல்லிவிட, யாரும் கவனிக்கவில்லை. விரல் போய், பாதம் போய், முழங்கால் வரை போய், கடைசியில் அக்காவும் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் ராசம்மா அந்தக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அவளிடம் போய் எனக்கும் அதேதான்டி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுநாள் மரத்தடியில் அவள் வழக்கம்போல ஒரு துண்டு பிய்த்து நீட்டினாள். நான் பயற்று டப்பாவைப் பார்த்துக்கொண்டே "வேணாம்" என்றேன்.

அவள் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. அந்த வாரம்தான் கோயில் திருவிழாவில் யார் பால்குடம் முன்னால் போவது என்று எனக்கும் அவளுக்கும் லேசாக வாய்த்தகராறு வந்திருந்தது. அதை நான் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிட்டேன். அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டாள். "சரி, ரொம்பப் பெரிய மனுஷி" என்று சொல்லித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் ரோஷம். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு பால்குடத்துக்காக நான் முறித்துக்கொள்வேன் என்று நினைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம். மற்றவர்கள் அவள் பக்கம் சாய்ந்தார்கள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மலையின் மறுகோடிக்குப் போய், பாறை மேல் உட்கார்ந்து பயறு தின்றேன். அதுவே பழக்கமாகிவிட்டது. மாதங்கள் போயின. சீனி இறங்கியது, சட்டை தொளதொளத்தது, பயறு மண்போல இருந்தது. மரத்தடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும். அப்புறம் அப்படியும் தோன்றாமல் போனது. எதுவுமே தோன்றாமல் போனது.

இதையெல்லாம் அழுதுகொண்டே நிஷாந்தியிடம் சொன்னேன். அவள் தன் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மாவும் மலைக்குப் போனவள்தானே.

"நல்லா சாப்பாட்டக் கொறச்ச சில பேருக்கு மனசு இப்படி விழுந்திருக்கு. ஏன்னு எங்களுக்குப் புரியாம இருந்துச்சு" என்றாள். "டொக்டர்கிட்ட நான் பேசுறேன். மனசுக்கும் நீங்க கிளினிக்ல காட்டணும், அத விட்றக்கூடாது. அதோட ராசம்மாகிட்ட சொல்லிருங்கம்மா."

"அவ குடுக்குற ரொட்டியத் தொட்டா சீனி ஏறாதா?"

"நகத்தளவு துண்டு. அன்னைக்கு சோத்துல ஒரு பிடி கொறச்சுக்கங்க. அது ஒங்கள ஒண்ணும் செய்யாது."

மறுநாள் காலையில் குரக்கன் ரொட்டி சுட்டேன். தேத்தண்ணி நேரத்துக்குப் பாறைப் பக்கம் போன கால்களை மரத்தடிக்குத் திருப்பினேன். ராசம்மாவுக்கு முன்னால் போய் நின்று ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம்" என்றாள்.

இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். திரும்பிப் பாறைக்குப் போனால் அங்கேயே கிடந்து முடிந்துபோவேன் என்றும் தெரிந்தது. நீட்டிய கையை மடக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்குச் சீனிடி, ராசம்மா. ஒங்க அக்காவுக்கு வந்ததுதான். அன்னைக்கு அதாலதான் வேணாம்னேன். ஒன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

யாரும் மெல்லவில்லை. ராசம்மாவின் முகம் சாம்பலாகிப் போனது. எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். உண்மையான அடி, வலித்தது.

"சண்டாளி! எங்க அக்கா செத்தத கூட இருந்து பாத்தவ நீ. அவ சொல்லாம மறைச்சுத்தானடி செத்தா. நீயுமா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு வருஷம்டி. ஒரு வருஷம் தனியா ஒக்காந்து தின்னியே, பாவி. நான் தெனமும் அந்தப் பாறையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "தூ, உப்பே இல்ல" என்றாள். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மூக்கு ஒழுகியது.

அப்புறம் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. என்னைத் தோளைப் பிடித்து அமுக்கிப் புல்லில் உட்கார வைத்தாள். எதிரில் சப்பணம் போட்டு, என் சப்பாத்தைக் கழற்றி எறிந்து, என் வலது காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏ, என்னடி பண்ற? சேறுடி."

"பேசாம இரு."

இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியின் நுனியால் சேற்றைத் துடைத்தாள். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒவ்வொரு விரலாக விரித்து இடுக்கில் பார்த்தாள். குதிகாலை அமுக்கி "வலிக்குதா?" என்றாள். விரல் நுனியில் கிள்ளி "தெரியுதா?" என்றாள். ஆமென்று தலையாட்டினேன். என் அம்மாவுக்குப் பிறகு யாரும் என் காலைத் தொட்டதில்லை.

"பொம்பளைங்களா, நேரம் போயிருச்சு. நிரைக்கு ஏறுங்க!" என்று கங்காணி மேலிருந்து கத்தினார்.

"சத்தம் போடாதீங்க கங்காணி, வாறோம்!" என்று இவள் தலையைத் தூக்காமலே கத்தினாள். பிறகு என் காலைப் பத்திரமாகக் கீழே வைத்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ம், மத்தக் கால நீட்டு" என்றாள்.