திரும்பத் திரும்பக் கேட்டவன்

ஐந்து வெடிகள்தான் கேட்டன. வைத்தது ஆறு.

பூமிநாதன் புளியமரத்துக்குப் பின்னால் குத்தவைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த பெத்தன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவன், ஐந்தோடு நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான். கிணற்றிலிருந்து கிளம்பிய புகை தென்னை மட்டைகளுக்கு மேலே போய்க் கலைந்தது.

"ரெண்டு ஒண்ணாச் சேந்து வெடிச்சிருக்குமோண்ணே?"

"இல்லடா. அஞ்சுதான்."

அறுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. திருக்கோஷ்டியூர் சாலையோரத்தில் நாகநாதன் அம்பலத்தின் கிணறு அது. ஐம்பதடிக்குக் கீழே கரும்பாறை தட்டிவிட்டது. இப்படிப்பட்ட பாறைக்கு வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்துவதுதான் இருவருக்கும் பிழைப்பு. குழி போட்டு வெடிமருந்துத் தோட்டாவைச் செருகுவது பெத்தன். திரியில் நெருப்பு வைப்பதும், வெடித்து முடிந்தபின் முதலில் இறங்கிப் பார்ப்பதும் பூமிநாதன். பதினோரு வருஷமாக அந்த முறை மாறியதில்லை. வெடிக்காத தோட்டா கிடந்தால் அதைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுப்பதும் அவன்தான்.

நாகநாதன் அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் வந்தார்.

"என்னப்பா, முடிஞ்சுதா? காரைக்குடியிலேருந்து மோட்டார் மாட்ட ஆளுக வந்து உக்காந்திருக்காக."

"ஒண்ணு வெடிக்கலைங்கய்யா. கொஞ்சம் பொறுக்கணும்."

பொறுத்தார்கள். அரைமணி நேரம் போனது. அதற்கு மேல் அம்பலம் பொறுக்கவில்லை. "திரி அணைஞ்சு போயிருக்கும்ப்பா. எறங்கிப் பாருங்க" என்றார்.

பூமிநாதன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிணற்று விளிம்புக்குப் போனான். உள்ளே எட்டிப் பார்த்தான். கால் எடுத்து வைக்க முடியவில்லை.

சாவுக்குப் பயப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான். அவன் பயம் செத்த பிறகு என்ன என்பதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் ஞானஸ்நானம் எடுத்தபோது ஊரே கண்மாய்க் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது என்று சபை உபதேசியார் முத்தப்பன் சொன்னதைக் கேட்டு ஒரு மாதம் காற்றில் நடந்தான். அப்புறம் ஒருநாள் கோபத்தில் ஒருவனை அடித்துவிட்டான். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பயம். கொடுத்ததை ஆண்டவர் திருப்பி வாங்கிக்கொண்டாரோ? காரைக்குடியில் நற்செய்திக் கூட்டம் நடக்கும்போதெல்லாம், மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று பிரசங்கி கூப்பிட்டால் முதல் ஆளாக எழுந்து போவான். இரண்டு நாள் நிம்மதியாக இருக்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். திரி பற்றவைக்கும் ஒவ்வொரு தடவையும், இப்போது செத்தால் எங்கே போவேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வான். போன வாரம் மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் சாராயம் வேறு குடித்துவிட்டான். இன்னொரு தரம் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று உபதேசியாரிடம் போய் நின்றான். "மொதல்ல குடுத்ததுல என்னய்யா கொறை?" என்று கேட்டு அவர் அனுப்பிவிட்டார்.

"அண்ணே, கவுத்த இங்குட்டுக் குடுங்க. நான் எறங்குறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். திரி வைத்தவன் அவன். எத்தனை அங்குலம் விட்டோம், எந்த மூலை ஈரமாக இருந்தது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் முடிச்சை அவிழ்த்துப் பெத்தன் கையில் கொடுத்தான்.

கிணற்று விளிம்பில் நட்டிருந்த கமலைக் கல்லில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். பெத்தன் பாறை இடுக்குகளில் கால் வைத்து இறங்கினான். முப்பதடி போயிருப்பான். கிணற்றின் வடமேற்கு மூலையில் நூல்போல ஏதோ நெளிவதைப் பூமிநாதன் கண்டான். புகை. ஈரத்தில் அமுங்கிக் கிடந்த திரி இத்தனை நேரமும் உள்ளுக்குள்ளே புகைந்துகொண்டிருந்திருக்கிறது.

"பெத்தா! ஏறுடா! ஏறு!"

பெத்தன் கேள்வி கேட்கவில்லை. திரும்பி ஏறத் தொடங்கினான். பூமிநாதன் இழுத்தான். ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், மூன்று. அப்போது வெடித்தது.

கயிறு வெட்டி இழுத்தது. கமலைக் கல்லைச் சுற்றி வழுக்கிக்கொண்டு ஓடி, அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. அவன் விடவில்லை. அம்பலம் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து பின்னால் பிடித்தார். இருவருமாக இழுத்து மேலே போட்டபோது பெத்தனின் இடது தோள் தொங்கியது. காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்துக்கு வந்திருந்தது. மூச்சு இருந்தது.

அம்பலமே வில்வண்டியைப் பூட்டித் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பூமிநாதனின் கைகளுக்கும் அங்கேயே கட்டுப் போட்டார்கள். அவன் பெத்தனின் கட்டிலடியை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெத்தன் தெளிவாகப் பேசினான். ஒரு காது போய்விட்டது. மற்றக் காதுப் பக்கமாகக் குனிந்து பூமிநாதன் சொன்னான்:

"பெத்தா, அன்னிக்கு நான் எறங்காதது..."

"பயந்துட்டீக."

"தெரியுமா?"

"ஒங்க காலு நடுங்குனத அம்பலகாரவுக பாக்கல. நான் பாத்தேன்."

"தெரிஞ்சுமாடா எறங்குன?"

"ரெண்டு பேருல ஒருத்தன் எறங்கித்தானே ஆகணும்? ஒங்களால முடியல. நான் எறங்குனேன்."

"ஈரமான மூலைன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் ஒன்ன விட்டேன். மன்னிச்சிரு."

பெத்தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இது அவனுக்குப் புதிய செய்தி. தாடை இறுகியது. பிறகு, "சரிண்ணே. விட்டுட்டேன். போய்க் கஞ்சி வாங்கியாங்க" என்றான்.

கஞ்சியோடு வந்தவன் மறுபடி கேட்டான். பெத்தன் தலையாட்டினான். சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் கேட்டான். மறுநாள் காலையில், தோள்கட்டு மாற்றிவிட்டு நர்ஸம்மா நகர்ந்ததும், "பெத்தா, நெசமாவே மன்னிச்சிட்டியா?" என்றான்.

பெத்தன் நல்ல கையால் தம்ளரைத் தட்டிவிட்டான். அது வார்டு முழுக்க உருண்டு ஓடியது.

"எத்தன தடவைண்ணே கேப்பீக? விட்டாச்சுன்னு நேத்தே சொன்னேன்ல? நான் சொன்னது பொய்யா? மனசுக்குள்ள வச்சுக்கிட்டு வாயால சும்மா சொல்றேன்னு நெனைக்கிறீகளா? தோளு வலியத் தாங்கிக்கிருவேன். பதினோரு வருசம் கூட இருந்தும் என் வாய்ச்சொல்ல நம்ப மாட்டேங்கிறீகளே, அதத் தாங்க முடியலண்ணே!"

"ஏய், என்ன சத்தம் அங்க?" என்று நர்ஸம்மா திரும்பி வந்தாள். பூமிநாதன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டான்.

வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு நின்றான். ஐந்து வருஷம். எத்தனை கூட்டங்களில் எழுந்து போயிருக்கிறான், எத்தனை முறை முழங்காலில் விழுந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான்! அதையெல்லாம் தாழ்மை என்று நினைத்திருந்தான். மன்னித்தேன் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன ஆண்டவரை, நீர் சொன்னது உண்மைதானா என்றல்லவா ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறான்? பெத்தனுக்கே இப்படி வலித்தால், அவருக்கு?

அப்போதும் வாய் பழக்கத்தில் மன்னியும் என்று தொடங்கப் பார்த்தது. உதட்டைக் கடித்து நிறுத்தினான். பிறகு மெல்லிய குரலில், "நீர் அன்னிக்குச் சொன்னது போதும் ஆண்டவரே. நம்புறேன்" என்றான்.

அழுகை வரவில்லை. உடம்பு சிலிர்க்கவும் இல்லை. இப்போது செத்தால் எங்கே போவாய் என்று பழைய பயம் கேட்டது. அவர் சொன்ன இடத்துக்கு என்று பதில் சொன்னான். பயம் திரும்பவும் கேட்டது. அதே பதிலைச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்க் எதிர்க் கட்டிலுக்கு அடியில் கிடந்த தம்ளரைக் கட்டுக்கு வெளியே நீண்ட விரல்களால் எடுத்துக் கழுவினான்.

"கோவமாடா?"

"கோவந்தான். கொறையும். தண்ணி குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சபையில் ஆராதனை முடிந்ததும் பூமிநாதன் எழுந்து நின்றான். கிணற்றடியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். தன் உயிருக்குப் பயந்து இன்னொருவனை இறக்கிவிட்டதைச் சொன்னான், சாராயத்தையும் சொன்னான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி பொன்னுத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சபை மூப்பர் குழந்தைவேலு கண்ணாடியைக் கழற்றினார்.

"இம்புட்டும் செஞ்சுபுட்டு, ரட்சிக்கப்பட்டவன்னு எப்படிச் சொல்லிக்கிறீரு?"

ஒரு மாதம் முன்னால் அந்தக் கேள்வி அவனைக் கொன்றிருக்கும். இப்போது நின்ற இடத்திலேயே நின்று பதில் சொன்னான்.

"நான் நல்லவன்னு சொல்லலைங்கய்யா. அவரு சொன்ன சொல்லு மாறாதுன்னு சொல்றேன். நான் செஞ்சதுக்கு என்ன தண்டனையோ, குடுங்க."

மூன்று மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். உபதேசியார் வாசல் வரை கூட வந்தார்.

"வருத்தமாப்பா?"

"வருத்தம் இருக்குங்கய்யா. பயம் இல்ல."

சாலையில் திருப்பத்தூர் பஸ் தெரிந்தது. பொன்னுத்தாயி பெத்தனுக்கான சோற்றுத் தூக்கோடு முன்னால் ஓடினாள். கட்டுப் போட்ட கைகளை உயர்த்தி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக்கொண்டே அவன் அவள் பின்னால் ஓடினான்.