கெலேரா கேட்ட பாய்களும் உனைசி கேட்ட பன்றியும்

கெலேராவுக்கு மனசுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டு கிடக்கத் தெரியாது. வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்டுவிடுவாள். அவள் அண்ணன் பெண்டாட்டி உனைசிக்கு அந்தத் துணிச்சல் இல்லை. எங்கள் ஃபிஜியில் சொந்தக்காரர் கேட்டு இல்லையென்று சொல்வதைப்போல வெட்கக்கேடு வேறில்லை. அதனால் உனைசியின் தையல் மிஷின் போயிற்று. புருஷன் செத்த கையோடு அவன் படகும் போயிற்று. கடைசியில், மகள் கல்யாணத்துக்கென்று கண் எரிய எரிய முடைந்த பாய்களையும் கெலேரா வந்து கேட்டாள். மகள் மணப்பெண்ணாக வெறுந்தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"தரமாட்டேன்னு சொல்லவேண்டியதுதானே அண்ணி?" என்றாள் கெலேரா. "விஷ் வேற, வாண்ட் வேறன்னு நம்ம இங்கிலீஷ் டீச்சர் அடிச்சு அடிச்சுச் சொன்னாங்களே! நீங்க அந்த முதல் ரகம். ஆசைப்பட்டே காலம் போயிடும்."

அவள் முகம் ஒருநாள் தொங்கவேண்டும் என்று உனைசி ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதில் ஒரு இலைகூட அசையவில்லை.

பிறகு கெலேராவின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. முதல் நாளே வந்திறங்கிய பெண்வீட்டார் நடுவே, விருந்தாளிக்குக் கொடுக்கும் யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றிக்கொண்டிருந்தது. உனைசி குனிந்து வந்து எல்லார் முன்னாலும் உட்கார்ந்தாள்.

"கெலேரா, கண்ணு, எனக்கு உன் பன்னி வேணும்."

"எந்தப் பன்னி அண்ணி?"

"ஒண்ணுதானே வச்சிருக்க? பட்டியில நிக்குதே, அதுதான்."

"நாளைக்கு விருந்து..."

"தெரியும்மா. இல்லைன்னு சொல்லிடேன், நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

பெண்ணின் தாத்தா கிண்ணத்தை வாயருகே நிறுத்திவிட்டுப் பார்த்தார். கெலேரா பட்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஓட்டிட்டுப் போங்க."

மறுநாள் கெலேராவின் அடுப்புக்குழியில் மரவள்ளிக்கிழங்கு மட்டும் வெந்தது. பெண்வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் உனைசியின் தம்பிமார் அதே பன்றியை முழுசாகச் சுட்டுத் தூக்கிவந்து சபை நடுவே வைத்தார்கள். ஊருக்காகப் பேசுகிறவர் எழுந்தார்.

"இது உனைசி குடுக்கிற சீர்! நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்தின சீர்!"

சீர் வாங்குகிறவர்கள் உள்ளங்கையைக் குவித்துத் தட்டி நன்றி சொல்லவேண்டும். கெலேரா தலைகுனிந்து தட்டினாள்.

உனைசி நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காதுல விழலையேடி. இன்னும் கொஞ்சம் சத்தமாத் தட்டு."

கெலேரா தட்டினாள். கை சிவந்தது. உனைசி போதும் என்று சொல்லவில்லை.