பெவர்லி அனுப்பிய மஞ்சள் பெட்டி

அந்தப் பெட்டியை வரைந்து முடிக்க பெவர்லிக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், அப்பா ஆம்புரோஸோடு அவள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. புதிதாகப் பிறந்த பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் படம் எடுப்பாள். படமெல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டும்போது வாங்குகிறவர்களின் முகம் லேசாகச் சுருங்கும். “எஸ்டேட் போட்டோகிராபர்தானே” என்று ஒரு அம்மா போனில் யாரிடமோ சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அன்றைக்குப் பிடித்த வெறிதான் அந்தப் பெட்டி. கெட்டி அட்டை, வெளிர்மஞ்சள் நிறம். மேலே பொன்னிறத்தில் இரண்டு சின்னப் பாதங்கள், அவற்றின் கீழே ‘குட்டிப்பாதம்’ என்று அவளுடைய தொழிலின் பெயர். உள்ளே மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றிய படங்கள். மூடியைத் திறந்தால் அதன் உள்பக்கத்தில் ஒரு வரி பளிச்சென்று தெரியும்: ‘முதல் பிறந்தநாளில் மறுபடியும் சந்திப்போம்!’ வாடிக்கையாளர்கள் திரும்பி வர வேண்டுமே என்று அவளே யோசித்து எழுதியது. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. அச்சாகி வந்த பெட்டியை ஆம்புரோஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “படத்த விட பொட்டி அழகா இருக்குலா” என்றார்.

முதல் பெட்டி பெடாஸில் இருந்த இந்துஜாவுக்கும் வசந்தனுக்கும். பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. படம் எடுக்கப் போன அன்று பயல் வீட்டையே தூக்கிவிட்டான், அப்படி ஓர் அழுகை. அவன் களைத்துத் தூங்கும்வரை காத்திருந்துதான் பெவர்லி நல்ல படங்களை எடுத்தாள்.

கூரியர்காரன் காலையில் வந்து பெட்டியை வாங்கிப் போனான். உடனே இந்துஜாவுக்குச் செய்தி அனுப்பினாள்: “அக்கா, தம்பிப் பாப்பாவோட சர்ப்ரைஸ் இன்னிக்கு வருது!” இரண்டு மஞ்சள் இதயங்களையும் சேர்த்து.

பதில் மத்தியானம்தான் வந்தது. எழுதியது வசந்தன்.

“பிள்ள போயிட்டான்மா. ஞாயித்துக்கிழம. நெஞ்சுல சளின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரல.”

பெவர்லி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முதலில் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. அதன் பின்னாலேயே மூடியின் உள்பக்கத்து வரியும் வந்தது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை காடுட்டில் இருந்த கூரியர் கிடங்குக்குப் பறந்தாள். முகப்பில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். “வேன் கிளம்பிருச்சு. இப்ப பெடாஸ், ரெம்பாவ் பக்கம் போயிருக்கும்.”

“நிறுத்தச் சொல்லுங்க, ப்ளீஸ். டிரைவருக்குப் போன் போடுங்க.”

“எடுக்க மாட்டேங்கிறாரு. பார்சல்தானே, தப்பா போனா ரிட்டர்ன் பண்ணிக்கலாம்லா.”

இதை ரிட்டர்ன் பண்ண முடியாது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. வசந்தனுக்குப் போன் அடித்தாள், மணி அடித்து ஓய்ந்தது. ‘அண்ணா, பெட்டி வந்தா அக்காகிட்ட கொடுக்காதீங்க’ என்று எழுதிவிட்டு மறுபடி மோட்டாரை முறுக்கினாள். வழியில் மழை பிடித்தது. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளை வேனையும் அதுதானா என்று பார்த்தாள். மாதாவே, கதவு பூட்டியிருக்கட்டும், வீட்டில் யாரும் இல்லாமல் போகட்டும் என்று ஹெல்மெட்டுக்குள்ளேயே முனகிக்கொண்டு போனாள்.

பெடாஸ் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்துத் தரையில் இந்துஜா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி கழன்ற மஞ்சள் பெட்டி, அந்த வரி மேலே பார்த்தபடி. வசந்தன் சுவரோரம் நின்றிருந்தான்.

பெவர்லி வாசலிலேயே மண்டியிட்டுவிட்டாள். “அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. எல்லாப் பெட்டியிலயும் அப்படித்தான் அடிச்சிருக்கு. சத்தியமா தெரியாது.”

இந்துஜா படங்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினாள்.

“எல்லாத்துலயும் தூங்குறான்” என்றாள். “அடக்கத்துக்குப் பெட்டிக்குள்ள வச்சப்பவும் இப்படித்தான் இருந்தான். அன்னிக்கு அழுதான்ல, அது இருக்கா? அவன் அழுற முகம் எனக்கு மறந்துகிட்டே வருது பெவர்லி.”

அழுகிற படங்களைப் பெவர்லி யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்ததுமே எல்லாவற்றையும் அழித்திருந்தாள். அதற்குப் பிறகு கேமராவின் அதே மெமரி கார்டில் வேறு படங்களும் எடுத்தாயிற்று.

“இல்லக்கா. அழிச்சிட்டேன்.”

இந்துஜா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீங்க கிளம்புங்கம்மா” என்றான் வசந்தன். குரலில் கோபம்கூட இல்லை.

அவள் வெளியே வந்து மழையில் நின்றாள். மோட்டாரில் சாவியைப் போட்டாள். அப்போதுதான் போன் நினைவு வந்தது. படம் எடுத்த அன்று, பேஸ்புக்கில் போடுவதற்காக, விளக்கு வைத்திருந்த விதத்தைப் போனில் வீடியோ எடுத்திருந்தாள். பிள்ளை அழுது கெடுத்துவிட்டான் என்று போடாமல் விட்டிருந்தாள். ஈரக் கையில் திரை நகர மறுத்தது. சட்டையில் துடைத்துத் துடைத்துத் தேடினாள். இருந்தது.

கேட்காமலே உள்ளே ஓடி, இந்துஜாவின் முன்னால் போனை வைத்து வீடியோவை ஓடவிட்டாள்.

விளக்கு தெரிந்தது, வெள்ளைத் துணி தெரிந்தது, ஓரத்தில் சிவந்து சுருங்கிய முகம். அழுகை கூடம் முழுக்க நிறைந்தது. வசந்தன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான். இந்துஜா அசையவில்லை.

“இது பசி அழுக” என்றாள். “தூக்கத்துக்குன்னா இழுத்து அழுவான். இது பசி.” அவளுடைய சட்டையின் மார்புப் பக்கம் பாலில் நனைந்து ஈரம் பரவியது. அவள் அதைக் குனிந்து பார்த்தாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

தான் செய்தது நல்லதா, இன்னொரு கொடுமையா என்று பெவர்லிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடியோவை இந்துஜாவின் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“பெட்டியில உங்க கட பேரு இருக்கு” என்றாள் இந்துஜா, தரையைப் பார்த்தபடி. “அவன் பேரு எங்கயுமே இல்ல. அருட்செல்வன்னு வச்சிருந்தோம்.”

அவனுக்கான புதுப் பெட்டியை அச்சுக்கடைக்குக் கொடுக்கப் பெவர்லிக்கு மனம் வரவில்லை. வெள்ளை அட்டையை வாங்கி வந்து அவளே வெட்டி ஒட்டினாள். மூடிமேல் தூரிகையால் அந்தப் பெயரை மட்டும் எழுதினாள். எழுத்து கோணியது. பிய்த்துப் போட்டு மறுபடி எழுதினாள். வீடியோவிலிருந்து எடுத்த அழுகிற முகத்தைப் படமாக்கி உள்ளே வைத்தாள். கலங்கலாகத்தான் இருந்தது. உள்பக்கம் எதுவும் எழுதவில்லை.

அதை அவளே பெடாஸுக்குக் கொண்டுபோனாள். வசந்தன் கேட்டருகே வந்து வாங்கிக்கொண்டான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பெயரைக் கட்டைவிரலால் தடவினான்.

உள்ளிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

“நாள் முழுக்க இதத்தான் போட்டுக் கேக்குறா” என்றான் வசந்தன். பெவர்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.