பட்டைத் தடம்

பணிமனையில் மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டிருக்க, டிரைவர் மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆணியையும் ஸ்பேனரையும் வைத்து ஒரு தோல் பட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். பட்டை அவன் மனைவியின் சில்லறைப் பையினுடையது. அவள் அதே வண்டியில் கண்டக்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பையை இடது தோளில் மாட்டி வலது இடுப்பில் தொங்கவிட்டே பழக்கம். இப்போது இடது மார்பின் மேற்புறத்தில், பட்டை உரசுகிற இடத்தில், கன்றிப்போன மாதிரி ஒரு தடம். பையை வலது தோளுக்கு மாற்றினால் உரசாது. ஆனால் சில்லறை எடுக்க வலது கை வயிற்றுக்குக் குறுக்கே போகவேண்டும். பை கொஞ்சம் மேலே ஏறினால்தான் வசதி. அதற்குத்தான் ஓட்டை.

"ஒரு ஓட்டைக்கு இவ்வளவு நேரமா டிரைவரே? ரோட்டுல ராத்திரியோட ராத்திரியா எத்தனை போட்டு வெச்சிருக்காங்க."

"கோணலாப் போனா நாள் பூரா நீதான் என்னைத் திட்டுவே. பேசாம நில்லு கண்டக்டரம்மா."

கொக்கியை மாட்டிப் பார்த்தாள். அளவு கச்சிதம். இரண்டு விசில் ஊதினாள். வண்டி கிளம்பியது.

ஆறு வருடங்களுக்கு முன் அதே மார்பில் ஒரு கட்டி வந்திருந்தது. "முழுசா எடுத்துத் தொலைச்சிடு" என்று சொன்னது அவளுடைய அக்கா. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்துக்குக் கதிர்வீச்சு வைத்தால் போதும், பலன் ஒன்றுதான் என்றது மருத்துவமனை. அவர்கள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அவள் மார்பை வைத்துக்கொண்டாள். காலை ஓட்டம் முடிந்ததும் மதியம் போய்க் கதிர் வைத்துக்கொண்டு வருவாள். தோல் வெந்து, கறுத்து, உரிந்து, ஆறி, ஒருவாறு மறந்தும் போனது. அதனால் தடம் தெரிந்தபோது இருவரும் கட்டி இருக்கிறதா என்றுதான் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். இல்லை. கட்டி இருந்தால்தான் பயப்படவேண்டும் என்று பழைய நோய் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

பட்டை விலகியும் தடம் விலகவில்லை. கத்தரிக்காய் நிறத்தில் பரவியது. ஒரு நாள் வண்டியில் நின்ற ஒருத்தர், "அக்கா, பாக்கெட்ல பேனா கசிஞ்சிருக்கு பாருங்க" என்றார். அவளிடம் அன்று பேனா இல்லை. கசிந்தது ரத்தம்.

சர்ஜன் ஒரு பெண். கையுறை போட்ட விரலால் தடத்தின் ஓரங்களைத் தொட்டபடி கேட்டாள்: "எத்தனை நாளா?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியிருந்து," என்றான் டிரைவர். "பை பட்டை உரசுதுன்னு நினைச்சோம்."

சர்ஜன் கையுறையைக் கழற்றிவிட்டுச் சோதனைக்குச் சீட்டு எழுதினாள். திட்டியிருந்தால் தேவலை.

சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்த பிறகு உட்காரவைத்துச் சொன்னாள்: "பழசு திரும்பி வரல. இது புதுசு. ரத்தக்குழாய்ல கிளம்புற புத்துநோய். அன்னைக்கு வெச்ச கதிராலயே சில பேருக்கு வருஷங்கழிச்சு வரும். ஆயிரத்துல ஒருத்தருக்கு."

"காப்பாத்தினதுதான் கடிக்குதா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

டிரைவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. "மறுபடி கதிர் வெச்சுப் பார்க்கலாமே டாக்டர்."

"அந்தத் தோல் தாங்கவேண்டியதைத் தாங்கிடுச்சு. இப்போ கத்திதான். தடம் தெரியற இடத்தை மட்டும் எடுத்தா ஓரத்துல முளைச்சுக்கிட்டே இருக்கும். கதிர் பட்ட தோல் மொத்தமும் எடுக்கணும். முதுகுச் சதையைத் திருப்பி மூடுவோம். ஓரம் சுத்தமா கிடைச்சா பொழைக்க வழி இருக்கு."

"கிடைக்கலன்னா?"

சர்ஜன் பேனாவை மூடினாள்.

அறுவைக்கு முந்தின நாள் அக்கா வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, தங்கையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே பேசினாள். "அன்னைக்கே சொன்னேன். யார் பாக்கறதுக்காக அதைப் பத்திரப்படுத்தினீங்க மாப்பிள்ளை?"

மனைவிதான் பதில் சொன்னாள்: "பொறாமைப்படாதேக்கா. நாளையிலிருந்து நீதான் அழகி. உனக்கு ரெண்டு இருக்கு."

அக்கா வாயில் சேலைத்தலைப்பை வைத்துக்கொண்டு வெளியே போனாள். சிரித்தாளா அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மார்பு போனது. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரைக்கும் முதுகுச் சதை வந்து உட்கார்ந்தது, வேறொருவர் சட்டையிலிருந்து வெட்டி ஒட்டுப்போட்ட மாதிரி. பிறகு சோதனை முடிவு வந்தது. ஓரம் சுத்தம். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு நோய் இல்லை.

"ரெண்டு விரல் போதுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

"மார்க்கெட் சுவத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவுல அதைவிடக் கம்மியில வண்டியை எடுப்பீங்களே," என்றாள் மனைவி. அந்த இடத்தில் எப்போதும் அவள்தான் இறங்கி, முன்னால் பின்பக்கமாக நடந்து, கையை ஆட்டி வழி காட்டுவாள். படுக்கையிலிருந்தே கையை ஆட்டிக் காட்டினாள். "வாங்க, வாங்க, இடம் இருக்கு."

அன்று மருத்துவமனை கேன்டீனில் அவன் இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவனாகத் தின்றான்.

வீட்டில் கட்டுப் பிரிப்பது அவன் வேலை. தையல் ஆறி வெளுத்துவிட்டிருந்த ஒரு காலையில், அக்குள் பக்கத்து ஓரத்தில், ஊசித்தலை அளவுக்கு ஊதாவாக ஒன்று தெரிந்தது. பஞ்சால் துடைத்தான். போகவில்லை.

"என்ன நின்னுட்டீங்க?"

"பிளாஸ்டர் ஒட்டின தடம்."

அவள் கழுத்தைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு மட்டும் எப்படியாவது ஒரு தடம் கிடைச்சுடுது டிரைவரே. அப்போ பட்டை, இப்போ பிளாஸ்டர். நான் போன பிறகு எதைச் சொல்வீங்க?"

அதுவரை அவள் அப்படிப் பேசியதில்லை. பிறகு அடிக்கடி பேசினாள்.

இனி வெட்டினால் விலா எலும்புதான் என்றாள் சர்ஜன். புற்றுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். முடி கொட்டியது. தடங்கள் கொஞ்சம் வெளிறின. அக்காகூட நம்பினாள்.

மருந்து ஏற்றும் கூடத்தில் ஒரு நாள் பக்கத்து நாற்காலிக்கு ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தாள். தினமும் அவர்கள் வண்டியில் வேலைக்குப் போகிறவள். ஒரு நாளும் சரியான சில்லறை கொடுத்ததில்லை. அவளுக்கும் மார்பில் கட்டியை எடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து கதிராம்.

"கண்டக்டரக்கா, நீங்களும் வெச்சுக்கிட்டீங்கதானே? பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

டிரைவருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஓடிப்போயிடும்மா என்று கத்தவேண்டும் போலிருந்தது. மனைவி அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். குழாய் குத்திய கை.

"வெச்சுக்கோ," என்றாள். "தோல் கொஞ்சம் வேகும். பருத்தித் துணியா போடு. எனக்கு ஆறு வருஷம் குடுத்துச்சு."

"அப்போ இப்போ இது எதுக்குக்கா?"

"இது வேற ஒண்ணு. பின்னாடி தோல்ல என்ன தெரிஞ்சாலும் அன்னைக்கே காட்டிடு. அவ்வளவுதான்."

அந்தப் பெண் போன பிறகு அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஏன் பாதியை முழுங்கிட்டே?"

"ஆயிரத்துல ஒருத்தருக்குன்னாங்க இல்ல? அந்த சீட்டுல நான் உட்கார்ந்தாச்சு. அவ நிம்மதியா வரட்டும்."

"கணக்கு அப்படி இல்லை."

"தெரியும். நான் என்ன படிக்காதவளா? நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களே, அதுவே பெரிய உதவி. அன்னைக்கும் அப்படி இருந்திருக்கலாம், பட்டைன்னு சொல்லாம."

மருந்து கொஞ்ச நாள்தான் பிடித்தது. தடங்கள் மறுபடி கறுத்து, ஒட்டுப்போட்ட சதையைச் சுற்றி வேலிபோல் வந்தன. துணி பட்டாலே ரத்தம். பிறகு நோய் நெஞ்சுக்குள் இறங்கி, பேச்சைத் துண்டு துண்டாக்கியது. அவள் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் அவனைக் குத்துவதற்கே செலவழித்தாள். அக்கா தண்ணீர் கொடுத்தால் குடித்தாள். அவன் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒரு மதியம், அக்கா சட்டை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு கை நுழைந்து ஒரு கை வெளியே இருக்க, எல்லாம் நின்றது.

நடைபாதையில் அக்கா மறுபடியும் சொன்னாள்: "அன்னைக்கே எடுத்திருந்தா."

அவன் வேலைக்குத் திரும்பிய அன்று வண்டியில் புதுக் கண்டக்டர் இருந்தார். ஓய்வுக்குக் காத்திருக்கும் மனிதர். பணிமனையில் அவருக்கு அவள் பையையே கொடுத்திருந்தார்கள். அவர் அதை வலது தோளில் மாட்டினார், இடது இடுப்பில் கையால் தட்டிப் பார்த்தார்.

"யாரோ நல்லா ஓட்டை போட்டு வெச்சிருக்காங்க," என்றார். "எனக்குன்னே அளவெடுத்த மாதிரி. கிளம்பலாமா தம்பி?"

டிரைவர் சாவியைத் திருப்பினான். மார்க்கெட் சுவரருகே அந்தப் பெரியவர் இறங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்து அவனே வண்டியை எடுத்தான். கண்ணாடியில் அவர் பை தெரிந்தது. கொக்கி அந்த ஓட்டையில்தான் இருந்தது.