எட்டின் கட்டம்

வந்திருந்தவர்கள்: சிலமலையிலிருந்து பெண் பார்க்க வந்த சூர்யபிரகாஷ், அவன் அம்மா மகாராணி. வீட்டுக்காரர்கள்: எங்கள் அப்பா வீரணன், தங்கை அனுப்பிரியா, சென்னையில் நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டு வந்த நான். என்னை அப்பா கணக்கில் சேர்ப்பதில்லை.

அனுவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. கம்ப்யூட்டர் பாதுகாப்புப் போட்டிகளுக்குப் புதிர் செய்யும் வேலை. கல்யாணம் முடிவானால் வேலை கிடையாது என்றார் அப்பா. மாப்பிள்ளையும் அதே பாதுகாப்புத் துறைதான் என்றதும் அவள் நிபந்தனை போட்டாள். அவள் செய்த வலைப்பக்கத்தில் ஒளித்திருப்பதை அவன் கண்டுபிடித்தால் கல்யாணம். இல்லாவிட்டால் பெங்களூர். போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய்த் தோட்டம் போட்டிருக்கும் அப்பா, சல்லடையில் சலிக்காமல் ஒரு காயும் விற்றதில்லை. மாப்பிள்ளையையும் சலிப்பது அவருக்கு நியாயமாகப் பட்டது.

வலைப்பக்கத்தில் 'வாங்க, உட்காருங்க' என்று மட்டும் இருந்தது. சூர்யபிரகாஷ் அதன் நிரலைப் பிரித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.

"டீ ஆறிப்போச்சு மாப்ளே. சுட வச்சுக் கொண்டாரவா, இல்ல ராத்திரிச் சாப்பாடே போட்டுரவா?" என்றேன்.

"எழுத்தெல்லாம் கோணலா இருக்கே."

"என் தங்கச்சி வரைஞ்சது. பொண்ணு பார்க்க வந்த எடத்துல குத்தம் சொல்றீங்க."

அவன் அந்த எழுத்துகளின் வடிவம் இருக்கும் ஃபாண்ட் கோப்பைத் தனியாக இறக்கித் திறந்தான். கட்டம் கட்டமாக எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு படம். பக்கத்தில் எங்கும் வராத தமிழ் எண் எட்டுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் எட்டு இல்லை. பொடிப்பொடியாக ஒரு வரி வரைந்திருந்தது: 'எனக்கு இஷ்டமில்லை. கிடைக்கலைன்னு சொல்லிடுங்க.'

அவன் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். அவனுக்குக் காதோரம் வேர்த்தது. லேப்டாப்பை மூடினான்.

"கிடைக்கலைங்க மாமா."

"இதுக்குத்தான் அத்தனை படிப்பாக்கும்," என்றார் மகாராணி.

சல்லடையில் தங்காத காயைப் பார்ப்பதுபோல அப்பா அவனைப் பார்த்தார். பிறகு அனுவிடம், "வெரசா டிக்கெட்டப் போடு ஆத்தா," என்றார். சொன்ன சொல் மாறாதவர், அந்த மட்டுக்கும்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சூர்யபிரகாஷ் அனுவிடம் மெதுவாகச் சொன்னான்: "எட்டுல எழுத்து ரொம்பப் பொடிசுங்க. கண்ணு வலிக்குது."

அவன் ஜீப்பை நோக்கி நடந்தான். அனு அங்கேயே நின்றாள்.

"கண்டுபிடிச்சுட்டாரா அண்ணே?"

"ஆறுன டீயச் சுட வைக்கிறதுக்குள்ள."

"கெட்டிக்காரருதான்." கழுத்தை நீட்டித் தெருவைப் பார்த்தாள். "அவரு போன் நம்பர் ஏதும் வாங்கி வச்சியா?"

"பெங்களூருக்குப் பெட்டி கட்டுற சோலியப் பாரு," என்று கதவைச் சாத்திப் பூட்டினேன்.