மூணாம் தொட்டி, பத்து இருபத்தஞ்சு

வீட்டுல கம்ப்யூட்டர் திரைய விட்டு பூர்ணிமா கண்ணெடுக்கல. மணி பத்து எட்டு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு சாயப்பட்டறை, அதுக்கு அவ எழுதின புரோகிராம் ஓட ஆரம்பிச்சு இன்னிக்குத்தான் முதல் நாள். எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம், எதுக்கு எது வேணும்னு சொல்லிட்டா போதும். ஒரு வேலை நடக்கறப்பவே இன்னொண்ணத் தொடங்க வச்சு, ஒரு நாள் வேலையையே சுருக்கிக் குடுத்துடும். போன வாரம் அதப் பாத்துட்டு மொதலாளி லட்டு வாங்கிக் குடுத்தாரு. லட்டோட கொஞ்சம் கர்வமும் இவளுக்கு உள்ள எறங்கிச்சு, அத ஏன் ஒளிக்கணும்?

இப்ப திரையில ரெண்டு நேரப் பட்டை. மூணாம் தொட்டியக் கழுவறது, பத்துலேர்ந்து பத்து நாப்பது வரைக்கும். அதே தொட்டிக்கு ஸ்டீம் திறக்கறது, பத்து இருபத்தஞ்சுக்கு. கழுவறதுன்னா ஆளு உள்ள எறங்கித் தேய்க்கறது. அப்ப ஸ்டீம் மூடியிருக்கணும்னு அவ சொல்லித்தான் வச்சிருந்தா. ஆனா தொடங்கற நிமிஷத்துக்கு மட்டும் சொல்லிட்டு, முடியற வரைக்கும்னு சொல்ல மறந்துட்டா. பத்து மணிக்கு மூடியிருந்துதா, சரி, இனிமே திறக்கலாம்னு மெஷின் பதினஞ்சு நிமிஷம் மிச்சம் புடிச்சிட்டுது. அதுக்கென்ன, வேகப்போறது அது ஒடம்பா? அந்தப் பதினஞ்சு நிமிஷத்தக் காட்டித்தான் இவ லட்டு வாங்கினா.

உள்ள எறங்கியிருக்கறது கோவிந்தசாமி. அவளப் பெத்த அப்பா.

பட்டறைக்குப் போன் போட்டா. மணி அடிச்சிக்கிட்டே கெடந்துது, அந்த மெஷின் சத்தத்துல எவன் காதுல விழப்போவுது? சூப்பர்வைசர் கலைவாணன் செல்லு ஸ்விட்ச் ஆஃப். ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு பறந்தா.

அந்தப் பட்டறையில ஒரு பழக்கம் உண்டு. தொட்டிக்குள்ள எறங்கறவன் வெளிய இருக்கற ஸ்டீம் வால்வுல தன் துண்டக் கட்டிட்டுத்தான் எறங்குவான். ஏறி வந்து அவனே அவுக்கணும். அது வரைக்கும் வேற ஒருத்தனும் வால்வத் தொடமாட்டான். ரெண்டு வாரம் முன்னாடி நோட்டும் பேனாவுமா நின்ன பூர்ணிமா, துண்டுக்காகக் காத்துக் கெடக்கறது வீண் நேரம்னு சொல்லிட்டா. ஆளுக்கொரு சீட்டு குடுக்கறேன், அவங்கவங்க சீட்டுல உள்ள நேரத்தப் பாத்தா போதும்னா. ஒருத்தன் சீட்டுல இருக்கறது அடுத்தவனுக்குத் தெரியாது. வால்வுகாரன் அம்மாவாசை மொறைச்சான். "படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு கோவிந்தசாமிதான் அவன் வாய அடைச்சாரு. வேலை பாத்த மில்லு மூடினப்புறம் கெடச்ச வேலையெல்லாம் செஞ்சு மகளப் படிக்க வச்ச மனுஷன். மக சொன்னத ஊரே கேக்கலன்னாலும் அவரு கேப்பாரு. அத நெனைச்சுத்தான் அவ ஆக்சிலேட்டர இன்னும் முறுக்கினா.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிகிட்ட பஸ் ஒண்ணு நடுரோட்டுல நின்னு நோயாளிங்கள எறக்கிக்கிட்டிருந்துது. அழுதுக்கிட்டே ஹாரன் அடிச்சா. ஒரு கெழவர் ஒவ்வொரு படியா எறங்கினாரு, அவர என்ன சொல்றது? கைக்கடிகாரத்துல பத்து இருபது.

பட்டறை கேட்டாண்ட வண்டியச் சாய்ச்சிப் போட்டுட்டு ஓடினா. சொவத்துக் கடிகாரத்துல பத்து இருபத்தேழு. வால்வ நிமிந்து பாக்கவே பயமா இருந்துது. பாத்தா.

வால்வுல சேப்புத் துண்டு ஒண்ணு, ரெண்டு முடிச்சுப் போட்டு எறுக்கிக் கட்டியிருந்துது. பக்கத்துல ஸ்டூல்ல அம்மாவாசை.

அப்பா துண்டு பச்சைக் கட்டம்.

"இது யாருதுண்ணா?"

"என்னுது." அவன் அவ மொகத்தப் பாக்கல. "ஒங்கப்பன் கட்டல. எம்பொண்ணு வேணாம்னுடிச்சின்னு தோள்ல போட்டுக்கிட்டே எறங்கிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. சீட்டு இருபத்தஞ்சுன்னு சொல்லுது, சொல்லிட்டுப் போவட்டும்."

பூர்ணிமா தரையில உக்காந்துட்டா. தொட்டிக்குள்ளேர்ந்து பிரஷ் தேய்க்கற சத்தம் வந்துக்கிட்டிருந்துது. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தா.

பத்து நாப்பதுக்கு கோவிந்தசாமி ஏணியில ஏறி வந்தாரு. முழங்கை வரைக்கும் நீலச் சாயம். மகளப் பாத்ததும் சிரிச்சு, கடிகாரத்தக் காட்டினாரு.

"பாத்தியாம்மா, ஒரு நிமிஷம் பெசகல. நீ எழுதின நேரத்துக்குக் கரெக்டா முடிச்சிட்டேன்."

அவ எழுந்து வந்து அவரு ஈரக் கையப் புடிச்சா.

"அப்பா, வால்வுல இருக்கற துண்ட அவு."

"அது அம்மாவாசை துண்டாச்சே. நான் எதுக்கு அவுக்கணும்?"

"உள்ள இருந்தது நீதானேப்பா. நீதான் அவுக்கணும்."