முதல் வரியில் நிஜாம்

புகை கண்ணுக்குத் தெரியவில்லை. வாடை மட்டும் வந்தது. ஹஃப்சா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடாப்டர் சுட்டது.

மாமி சம்சுன் நிஹார் இலுப்பூர் கடைவீதிக்குப் போயிருந்தார். அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவார். வந்ததும் கேம் பெட்டியைப் போட்டுப் பார்க்க வேண்டும், தூசி தட்டி வை என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சூப்பர் ஃபேமிகாம். ஜப்பான் சாமான். தொண்ணூற்றொன்றில் மாமனார் சவூதியின் தம்மாமிலிருந்து கொண்டுவந்தது. பின்னாளில் ஊர்ப் பிள்ளைகள் வாங்கி ஆடிய நகல் பெட்டிகளெல்லாம் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. இது மட்டும் பீரோவில் துண்டு சுற்றி இருந்தது. காரணம் அதன் கேசட்டு. ஆட்டத்தை விட்ட இடத்தில் சேமித்து வைக்க அதற்குள்ளேயே ஒரு வட்ட பேட்டரி உண்டு. சேமிப்புப் பட்டியலின் முதல் வரியில் நிஜாம் என்று இருக்கும். மாமியின் மூத்த மகன் பதிமூன்று வயதில் தானே அடித்த பெயர். அந்த வருடமே கண்மாயில் மூழ்கிப் போனான். ஆண்டுதோறும் அவன் மவுத்தான நாளில் மாமி பெட்டியைப் போடுவார், பெயரைப் பார்ப்பார், அணைத்துவிடுவார்.

அந்த நாள் இன்று.

அடாப்டரின் பொடி எழுத்தை ஹஃப்சா இப்போதுதான் படித்தாள். நூறு வோல்ட். சுவரில் இருநூற்று முப்பது. புது டிவிக்கு எதற்கு ஸ்டெபிலைசர் என்று போன மாதம் ஒரு கனத்த இரும்புப் பெட்டியைப் பரணில் ஏற்றியதும் அவள்தான். அது ஸ்டெபிலைசர் இல்லை. சவூதிச் சாமான் உள்ள வீடுகளில் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி. அவள் பிறந்த வீட்டில் யாரும் வெளிநாடு போனதில்லை. கல்யாணமாகி வந்து ஏழு மாதம்தான்.

இயற்பியல் படித்த மூளை ஓடத் தொடங்கியது. வைஃபை அடாப்டர் பன்னிரண்டு வோல்ட், பெட்டிக்குப் பத்து. சிறிது நேரம் தாங்கும். பிளஸ்ஸும் மைனஸும்தான் தலைகீழ். ஒயரை வெட்டி, மாற்றி முறுக்கி, டேப் சுற்றினாள்.

"என்ன புள்ள, கருகுன வாடை? அடுப்புல எதை வச்ச?" கடைவீதியிலிருந்து திரும்பிய மாமி வாசலிலேயே கேட்டார்.

"அடுப்புல இல்ல மாமி." தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

மாமி துப்பட்டியை மடித்து வைத்தார். "ஒங்க காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலையாக்கும்."

"தந்தாங்க மாமி. நாந்தான் பாக்கல."

"சரி, போடு."

"பயமா இருக்கு மாமி."

"எனக்கு மட்டும் வருசா வருசம் என்னவாம்? போடு."

ஹஃப்சா போட்டாள். திரை இருண்டே கிடந்தது. பிறகு இசை வந்தது, படம் வந்தது, மூன்று வரிப் பட்டியல் வந்தது. மூன்றும் காலி.

மாமிக்குக் கண்ணில் புரை. முன்னால் குனிந்தார். "இருக்கா?"

இருக்கு என்ற சொல் ஹஃப்சாவின் நாக்கு நுனி வரை வந்தது. "இல்ல மாமி."

மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்: "கரண்டு தின்னுருச்சா, வயசாகிப் போச்சா?"

"அந்த பேட்டரி இத்தன வருசம் தாங்குனதே அதிகம். நான் போட்டதுலயும் போயிருக்கலாம். தெரியல மாமி. இனி யாராலயும் சொல்ல முடியாது."

போன் அடித்தது. தம்மாமிலிருந்து உமைர், அவள் கணவன். மாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, போட்டாச்சா? அண்ணன் பேரு இருக்கா?"

மாமி ஹஃப்சாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருக்குடா. அது எங்கிட்டுப் போகப் போவுது."

"ஹஃப்சாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கம்மா. இந்த வருசம் நானும் பாக்குறேன்."

"அனுப்புவா."

போனை வைத்ததும் மாமி கன்ட்ரோலரை எடுத்து ஹஃப்சாவின் மடியில் வைத்தார். "அவன் பேர அடி."

முதல் வரியைத் தேர்ந்தெடுத்தாள். ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. தான் பார்த்தேயிராத ஒரு பையனின் பெயர். கட்டைவிரல் தவறி, வேண்டாத எழுத்தில் போய் நின்றது. அழித்தாள். மறுபடி தேடினாள்.

இரண்டு எழுத்து முடிந்தபோது போன் மீண்டும் அடித்தது. உமைரின் வீடியோ கால்.

மாமி போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ அடி புள்ள."